கையில் புத்தகம் பிடித்த போட்டோ

அண்ணே,

நேற்று சாயங்காலம் உங்கள் மகன் வந்து உங்கள் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். தோல் உறையைத் திறந்ததும் பூஞ்சணம் பிடித்த பழைய வாடை முகத்தில் அடித்தது. திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பு இருக்கிற பக்கம் பஸ் திரும்பும்போது வருமே, அந்த வாடை.

"அப்பா இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாரு அத்தை" என்றான்.

"வேற ஏதும் சொன்னாராப்பா?"

"இல்லத்தை. இது மட்டுந்தான்."

காப்பி கொடுத்து அனுப்பினேன். இந்த வயதில் நான் யாரைப் போட்டோ எடுக்கப் போகிறேன்? உங்களிடமிருந்து எனக்கு வர வேண்டியிருந்தது ஒரு வாய் வார்த்தை. 'நான் படிக்கப் போனதால என் தங்கச்சி படிப்பு நின்னு போச்சு.' அம்புட்டுத்தான். அதை மட்டும் உங்களால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே நம் காட்டில் மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஆடுகள்தான் சோறு. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆட்டை நீங்கள் பார்ப்பீர்கள். எட்டாவது முடிந்ததும் உங்களுக்குத் திண்டுக்கல் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. நான் அந்த வருஷம் ஐந்தாவது முடித்திருந்தேன். வகுப்பில் நான்தான் முதல். பள்ளிக்கூடத்து சிஸ்டர் வெயிலில் நடந்து நம் வீட்டுக்கே வந்து, என்னையும் ஹாஸ்டலில் விட்டு ஆறாவது படிக்கவைக்கச் சொல்லி நம்மைப் பெற்ற ஐயாவிடம் கேட்டார்.

"ரெண்டு பேரும் போயிட்டா ஆட்ட யாரு பாக்குறது, சிஸ்டர்?" என்றார் ஐயா.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவே இல்லை. சிஸ்டர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் ஆட்டுக் கம்பு என் கைக்கு வந்தது.

அதற்காக உங்கள்மேல் நான் அப்போது கோபப்படவில்லை. விமானப்படையில் சேர்ந்து நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்காது. மலை உச்சியில் இருக்கும் பட்டாளத்துக்கு விமானத்திலிருந்து மூட்டை தள்ளிவிடுவதையும், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு திறந்த கதவோரம் நின்று போட்டோ எடுப்பதையும் நீங்கள் சொல்வீர்கள். "மேல இருந்து பாத்தா ஆளு தெரியாது தாயி. நெழலுதான் தெரியும். நெழல வச்சுத்தான் அங்க ஒருத்தன் நிக்கிறான்னு கண்டுக்குவோம்" என்பீர்கள். அதை நான் கடலை பறிக்க வந்த பெண்களிடமெல்லாம் நானே பறந்த மாதிரி சொல்லித் திரிந்தேன்.

அப்படி ஒரு லீவில்தான் செம்பட்டியிலிருந்து என்னைக் கேட்டு வந்தார்கள். பெண் போட்டோ வேண்டும் என்றார்கள். நீங்கள் என்னைச் சுண்ணாம்புச் சுவரோரம் நிற்க வைத்தீர்கள்.

"கையி சும்மா தொங்குது, நல்லால்ல" என்று உங்கள் பையிலிருந்து தடிமனான இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். விமான இஞ்சின் பற்றிய புத்தகம். "குனிஞ்சு படிக்கிற மாதிரி நில்லு."

"இது நேரா இருக்கா, தலகீழா இருக்கான்னே தெரியலண்ணே."

"எனக்குத் தெரியும். நீ சிரிக்காம நில்லு."

போட்டோ நன்றாகத்தான் விழுந்தது. அதைப் பார்த்துத்தான் சம்பந்தம் முடிந்தது. பெண் எவ்வளவு படித்திருக்கிறாள் என்று அவர்களும் கேட்கவில்லை, நம்மவர்களும் சொல்லவில்லை. கல்யாணமான முதல் வாரமே மாமனார் கடைக்கு இங்கிலீஷில் ஒரு கடுதாசி வந்தது. கடையில் நாலு பேர் இருக்கும்போது, "நம்ம மருமக படிச்ச புள்ள, அதுகிட்டக் குடுங்க" என்றார் மாமனார். நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, "போட்டோவுல மட்டுந்தான் படிப்பாளோ?" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் புஸ்தகக்காரி. "ஏ புஸ்தகக்காரி, வெஞ்சனத்துக்கு உப்புப் போட்டியா, இல்ல அதையும் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னியா?" மாமியார் கண்ணை மூடும்வரை அதுதான் பெயர். என் பிள்ளைகள் காதிலும் விழுந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. சொன்னவர்களைத் தடுத்ததும் இல்லை.

உங்களிடம் சொல்லி அழுதபோது சிரித்தீர்கள். "போட்டோன்னா செத்த நேரம் வேஷந்தான் தாயி. இதுக்குப் போயி அழுவாங்களா?"

உங்களுக்குச் செத்த நேரம். எனக்கு ஆயுசு.

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ரிட்டயரான பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்குத்தான் வருவீர்கள். மிக்ஸியைப் பிரித்து மாட்டுவீர்கள், மீன் குழம்பு ருசி பார்த்துப் புளி கூடிவிட்டது என்பீர்கள், என் பேத்தியை மொட்டை மாடியில் வெளிச்சம் பார்த்து நிறுத்துவீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே பழையதைப் பேசாமல் விட்டுவைத்திருந்தேன்.

போன வருஷம் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் கூடி உங்களுக்குச் சால்வை போட்டார்கள். ஹால் முழுக்க நீங்கள் எடுத்த படங்கள். மேகம், பனிமலை, நூல் மாதிரி ஓடும் ஆறு. அவற்றுக்கு நடுவில், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான். கீழே 'படிப்பை நேசித்த என் தங்கை' என்று எழுதி ஒட்டியிருந்தீர்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மைக்கில் ஐயாவுக்கு நன்றி சொன்னீர்கள். வார்டனுக்கும், போட்டோ கற்றுக்கொடுத்த ஆபீசருக்கும் சொன்னீர்கள். ஆடு மேய்த்த பையன் ஆகாயத்தில் பறந்தேன் என்றதும் ஒரே கைதட்டல். அடுத்தது நான்தான் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். நீங்கள் லென்ஸைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள்.

படியிறங்கும்போது கேட்டேன். "எல்லாருக்கும் நன்றி சொன்னீங்க. நான் படிப்ப விட்டதச் சொல்லலையேண்ணே."

"நீயாத்தான் போகலேன்னுட்டேன்னு ஐயா சொன்னாரு."

"சிஸ்டர் வந்தன்னைக்கு நீங்க பக்கத்துலதான இருந்தீங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "இப்ப எதுக்கு அதெல்லாம்? ஆளுக பாக்குறாங்க, வா."

அடுத்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. நானும் போன் போடவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு உட்காருமுன் ஃபாதர் மைக்கை என்னிடம் நீட்டினார். "அண்ணனைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

எழுந்து நின்றேன். "எங்கண்ணன் படிக்கப் போனாரு. அவருக்குப் பதிலா நான் ஆடு மேய்ச்சேன். எனக்கும் படிக்கணும்னு ஆசை இருந்துச்சு." சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

உங்கள் மருமகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபாதர் மைக்கை வாங்கி, ஒரு தங்கையின் தியாகம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் பேத்தி அதைப் போனில் படம் பிடித்தாள். என்ன சொன்னேன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

தியாகம் என்றால், நம்மைக் கேட்டவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டு நம்முடையதைக் கொடுப்பது. சிஸ்டர் ஐயாவைக் கேட்டார், ஐயா சிஸ்டரைக் கேட்டார். அங்கே நின்றுகொண்டிருந்த என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாவது தலையைத் தூக்கி, "உனக்கு என்ன தாயி வேணும்?" என்று கேட்டிருந்தால், "அண்ணன் போகட்டும்" என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. அதைச் சொல்லக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. சொல்லாத அந்தப் பதிலைத்தான் இத்தனை வயதிலும் வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்கிறேன், அண்ணே.