இருபது டிகிரித் தண்ணீர்

மாமு, இன்று காலை வேறு ஊர் வேலைக்காக அந்த மென்பொருளைத் திறந்தேன். மண்ணுக்குள் கசிந்த அழுக்கு எந்தப் பக்கம் போகும், எத்தனை நாளில் போகும் என்று கணக்குப் போடுகிற அதே மென்பொருள். நீரின் தன்மைகளைக் கேட்கிற பக்கம் வந்தது. வெப்பநிலைக் கட்டத்தில் வழக்கம்போல் அதுவாகவே இருபது டிகிரி என்று போட்டு வைத்திருந்தது. குளிர் தேசத்து ஆய்வுக்கூடத்துக்கு அது சரி, நம் ஊர்க் கிணற்றுக்கு இல்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உங்கள் திருவொற்றியூர்த் தெருவுக்கு அந்தண்டை எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, அளவெடுக்க எனக்கு ஆள் தேவைப்பட்டது. அடிபம்பு ரிப்பேர் செய்கிற உன்னை விட்டால் யார்? பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்ற உரிமையில் வேலையை உன் தலையில் கட்டினேன். நான் கொடுத்த தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பதினோரு பம்பிலும் வாராவாரம் தண்ணீர் அடித்து, தண்ணீர் நிற்கிற ஆழத்தையும் அதன் சூட்டையும் நோட்டில் எழுதினாய். "இன்னாடா இது, தரைக்குள்ளயும் வெயில் அடிக்குதா? முப்பதுக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல" என்று சிரித்தாய்.

நான் ஆழத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அறிக்கை எங்கே, அறிக்கை எங்கே என்று மேலே இருந்தவர்கள் நச்சரித்தார்கள். மென்பொருளின் அந்தப் பக்கத்தில் இருபதை மாற்றாமல் அடுத்ததற்குத் தாவினேன். சூடான தண்ணீர் இளகலாக ஓடும், மணலுக்குள் இன்னும் சீக்கிரம் போகும் என்பது எனக்குத் தெரியாததா? சோம்பல் மாமு. அதற்கு வேறு பெயர் கிடையாது.

எண்ணெய் உங்கள் தெருவுக்கு வர மூன்று வருடம் ஆகும் என்றது கணக்கு. அதற்குள் புதுக் குடிநீர்க் குழாய் போட்டுவிடுவதாக அதிகாரிகளும் சொல்லியிருந்தார்கள். லாரித் தண்ணீர் கேட்டு மறியல் செய்யக் கிளம்பியவர்களை நீதான் தடுத்தாய். "என் தோஸ்து கணக்கு போட்டுப் பாத்துட்டான். மூணு வருசத்துக்கு பயம் இல்ல" என்று வாக்குக் கொடுத்தாய்.

இரண்டு வருடம் தாண்டிய கொஞ்ச நாளிலேயே குடத்தில் எண்ணெய் வாடை. பிள்ளைகளுக்கு வாந்தி. பெண்கள் குடத்தோடு உன் வாசலுக்கு வந்து கேட்ட கேள்விகளை எல்லாம் நீ நின்று கேட்டாயாம். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் உன்னைப் பம்பு ரிப்பேருக்குக் கூப்பிடவில்லை. நான் உன் நோட்டை எடுத்து, நீ எழுதிய சூட்டைப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இரண்டு வருடம், சில மாதம் என்றது. அதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். நெத்திலிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலியில் நீ போய்ச் சேர்ந்தாய். பதினாறாம் நாள் முடிந்து, உன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சொன்னாள்:

"அவுருக்குத் தெரியும்ணா. வாடை வந்த அன்னைக்கே நீங்க குடுத்த ரிப்போர்ட்டப் பொரட்டி, இருபதுன்னு போட்டுகீறதப் பாத்துட்டாரு. அவனாண்ட கேக்காத, ஒடஞ்சி பூடுவான்னு சொன்னாரு."

தெருவில் இன்னும் நான் சொல்லவில்லை மாமு. இரண்டு தடவை முனை வரை போய், ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி வந்துவிட்டேன். அங்கே டீக்கடையில் இப்போதும் உன்னைத்தான் திட்டுகிறார்கள். நான் வாயைத் திறக்காதவரை, செத்தும் நீதான் எனக்காக ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாய்.