கல்யாண வீட்டில் யாராவது ஐயோ சொல்வார்களா?

கேட்டாயா, இன்று எனக்கு இன்ஜினியர் வேலை கிடைத்துவிட்டது! பதறாதே, குரலுக்கு மட்டும்தான். ஷார்ஜாவில் நம் பழைய ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் கையில் கொடுத்த தாளில் ‘சைட் இன்ஜினியர், பெண், தமிழ்’ என்று அச்சாகியிருந்தது. எத்தனை வருஷமாக இந்த ரேடியோ விளம்பரங்களில் கத்திக்கொண்டிருக்கிறோம்! வேலைக்காரி, மருமகளைத் திட்டும் மாமியார், கணவன் பர்ஸைக் காலி செய்கிற மனைவி. தமிழ் ஆண் என்றால் வாட்ச்மேன், இல்லாவிட்டால் டிரைவர். டாக்டரோ பேங்க் மேனேஜரோ வந்தால் உடனே லண்டன் இங்கிலீஷ் பேசும் யாரையாவது கூப்பிடுவார்கள். தாளைப் பார்த்ததும் உனக்குப் போன் போடத்தான் கை போனது. அப்புறம்தான் நீ இல்லை என்பது உறைத்தது.

முதல் வரியைப் படித்தேன். “ஐயோ, பில்டிங் ரெடி சார்!”

சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இதே மைக் முன்னால் நீ இடுப்பில் கை வைத்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? நகைக்கடை விளம்பரம். கல்யாணப் பெண்ணின் அம்மா நீ, பக்கத்து வீட்டுக்காரி நான். மகள் கழுத்தில் புது நகையைப் பார்த்து நீ சொல்ல வேண்டியது, “ஐயோ ஐயோ, எவ்வளவு அழகு!” மும்பைக்கார ப்ரொடியூசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, ஐயோவை இன்னும் சந்தோஷமாகச் சொல்லச் சொன்னார்.

நீ என் பக்கம் திரும்பினாய். “என்னா புள்ள இது? கல்யாண வீட்டுல ஐயோங்கிறதா? எங்க கீழக்கரையில சொன்னா உம்மா வாயிலயே ரெண்டு போடுவாக.”

பால் பொங்கி வழிந்தால், பஸ் போய்விட்டால் நாமும் நாளெல்லாம் சொல்கிறோம்தான். ஆனால் நல்ல காரியத்தில் வாய்தவறி வந்தாலே முகம் சுளிக்கிற கூட்டமல்லவா நாம்? அதை உன் உடைந்த ஹிந்தியில் அவருக்கு விளக்கிப் பார்த்தாய். அவர் அசரவில்லை. “ஐயோ இல்லாமல் மதராசி என்று எப்படித் தெரியும்?” என்றார். பேசினால் தெரியும் என்றாய். “ஜல்தி, ஜல்தி” என்று கையை ஆட்டினார்.

சரியென்று மூச்சை இழுத்தாய். அடுத்து வந்ததே ஒரு ஐயோ! அடிவயிற்றிலிருந்து, நெஞ்சில் அறைந்துகொண்டு, “ஐயோ... என் மகளே!” சத்தம் வெளியே போகாத அறை என்பார்கள். அன்று போனது. பக்கத்து டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து ஆட்கள் ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்றார்கள். ப்ரொடியூசர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளுத்துப்போய் நின்றார். நீயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதான் பாய் ஐயோ. இப்ப நகை விக்குமா?” என்றாய்.

மனுஷர் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். “என் கண்ணே பட்டுரும் போலருக்கே” என்று நீயாகச் சொன்னதுதான் ரேடியோவில் போனது. அஜ்மான் பஸ்ஸில் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நாம் காதால் கேட்டோம். என்ன பெருமை உனக்கு!

அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிடுவது குறைந்துபோனது. ஆனால் உன் ஆசை குறையவில்லை. “ஒரே ஒரு தடவ டாக்டராப் பேசணும் புள்ள, நம்ம இங்கிலீஷ்லயே” என்பாய். லீவில் ஊருக்குப் போனாய். காய்ச்சல் என்றார்கள். அதோடு போய்விட்டாய்.

இன்றும் அதே ப்ரொடியூசர்தான். தலை நரைத்திருக்கிறது. இந்த வேஷம் நழுவினால் இன்னொன்று எப்போது வரும், யாருக்குத் தெரியும்? ஆனாலும் கேட்டுவிட்டேன். “பாய், கட்டின இன்ஜினியரே பில்டிங்கைப் பார்த்து ஐயோன்னா யார் குடிவருவாங்க?”

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்! பேனாவை எடுத்து அந்த ஐயோவை அடித்தார். “பில்டிங் ரெடி சார், வாங்க, காட்டறேன்” என்றேன் மைக்கில். ஒரே டேக்கில் ஓகே! என் மதுரை இங்கிலீஷும் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். நாளைக் காலையில் ரேடியோவில் போகிறது. அஜ்மானிலிருந்து துபாய் வரை டிராபிக்கில் நிற்கிற வண்டிகளிலெல்லாம் ஒரு தமிழ்ப் பெண் கட்டிடம் கட்டி முடித்திருப்பாள். எனக்குத் தூக்கம் வருமென்றா நினைக்கிறாய்?

கிளம்பும்போது விளையாட்டாகக் கேட்டார். “அப்போ அந்த ஐயோவை எப்போதுதான் சொல்வீர்கள்?”

நீ போன சேதியைச் சொல்ல உன் மகள் ஊரிலிருந்து போன் செய்த அன்று சொன்னேன் என்றேன். பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் முன்னால், யாரும் எழுதிக் கொடுக்காமல் என் வாயிலிருந்து வந்தது. அது உனக்குச் சொன்ன சொல். எந்தக் கடைக்கும் அதைக் கொடுக்க மாட்டேன்.