ஸ்டெல்லாவிடம் சொல்லாதது

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஸ்டெல்லாவின் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க, பிரேசர் டவுன் காதுகேளாதோர் சங்கம். மனைவி போய்ச் சேர்ந்து நான்கு மாதம். அறை முழுக்கக் கைகள். நாற்காலி இழுபடும் சத்தம், திடீர் திடீரெனச் சிரிப்பு. கேட்பது எனக்கு மட்டும்.

செயலாளர் நாகராஜ் அட்டையை வாங்கவில்லை. சைகையில் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? தேன்மொழிக்கு ரிப்போர்ட் வருகிறது. மொழிபெயர்ப்பவருக்கு ஜுரம்."

தேன்மொழி கார்மெண்ட்ஸில் தைப்பவள். முப்பது இருக்கும். மார்பில் கட்டி.

முடியாது என்றேன். அதைச் சொல்வதற்கே விரல்கள் தடுமாறின. நான்கு மாதமாக அவற்றுக்குப் பேச்சில்லை.

ஜூலை 15, திங்கள்

வெயில். பால், தீப்பெட்டி, வெங்காயம். கரண்ட் பில் மறந்தாச்சு.

ஓசூரிலிருந்து மகன். "சாப்டியாப்பா?" "ஆச்சு." "மாத்திரை?" "போட்டாச்சு." அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவுடன் என்றால் தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச முடியும். ஒரு சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். இன்று ஏழு நிமிடம்.

எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். அவளுடைய கடைசி வாரம் டாக்டர் என்னிடம், "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். நான் ஸ்டெல்லா பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம்" என்று கையால் சொன்னேன். நம்பினாள். தெரிந்திருந்தால் கோலாரில் இருக்கும் தங்கையை வரச் சொல்லியிருப்பாள். கேட்கவிடவில்லை நான்.

மாலை நாகராஜுக்கு மெசேஜ்: வருகிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

மழை. ஆட்டோ இல்லை, நடை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தேன்மொழியின் அண்ணன் சேகர் என்னைத் தனியாக இழுத்தான். "சார், எதுவா இருந்தாலும் அவகிட்ட சொல்லாதீங்க. தாங்கமாட்டா. சும்மா கொழுப்புக் கட்டின்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்." தூரத்திலிருந்து அவள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர்: "கேன்சர்தான். ஆரம்பத்துலயே பாத்துட்டோம். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்."

சேகர் என் முழங்கையைப் பிடித்தான். விடுவித்துக்கொண்டேன். முழுவதும் சொன்னேன்.

அவள் அழவில்லை. எவ்வளவு எடுப்பார்கள், முடி கொட்டுமா, எப்போது வேலைக்குப் போகலாம். கேள்வி மேல் கேள்வி. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் சொன்னேன். "பார்க்கட்டும்" என்றாள்.

வெளியே வந்ததும் சேகர் சுவர் பக்கம் திரும்பி அழுதான். "நீங்க யாரு சார் இதைச் சொல்ல?"

பஸ் ஸ்டாப் வரை மூவரும். தேன்மொழி கேட்டாள்: "உங்கள் வீட்டில் யார் யார்?" ஒரு விரல் காட்டினேன். அவள் முகத்தில் பரிதாபம் ஒன்றும் வரவில்லை. "ஆபரேஷன் அன்றைக்கும் வாருங்கள்" என்றாள்.

அதற்குள் அவர்கள் பஸ். ஜன்னலிலிருந்து இன்னொரு தடவை கேட்டாள். வருகிறேன் என்று காட்டினேன். கண்ணாடியெல்லாம் மழை. பார்த்தாளா, தெரியவில்லை.