‘கரிச்சட்டி’யில் இல்லாத பாட்டு

என் கறுப்புத் தங்கம் லோகாவுக்கு,

உன் ‘கரிச்சட்டி’ மேடை ஏறிவிட்டது தம்பி. போன சனிக்கிழமை, தம்போய் மண்டபத்தில். நாற்காலி போதாமல் பக்கத்துக் கோயிலில் கேட்டு வாங்கிப் போட்டோம். கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. இதைத் துள்ளிக் குதித்துச் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் அன்றிலிருந்து உன் படத்துக்கு விளக்கேற்றும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் உன்னை அழவைத்த பட்டப்பெயரையே நாடகத்துக்குப் பெயராக வைத்தவன் நீ. இசை நாடகம் என்றால் பட்டுப்புடவையும் வீணையும் எதிர்பார்க்கும் ஊர் இது. நீயோ உறுமி மேளத்தையும் ஒரு கீபோர்டையும் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைச் சீருடையில் ஆட்களைப் பாடவைத்தாய். பண்டார் தெங்காராவிலிருந்து செனாய்த் தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் ஒரு கறுத்த பையன். கேலிக்குப் பயந்து காட்சிக்குக் காட்சி முகத்தில் பவுடர் அப்பிக்கொள்வான். இடைவேளைக்குப் பிறகு மேடையிலேயே முகத்தைக் கழுவிவிட்டு, கூட வேலை செய்யும் இன்னொரு ஆணைப் பார்த்துத் தன் காதலைப் பாடுவான். மொத்தக் கதையும் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. அதைத்தான் நான் வெட்டிவிட்டேன்.

டிங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, பாதியில் நின்ற ஒத்திகையை நான் கையில் எடுத்தேன். முதல் நாளே உன் ஆட்கள் எல்லாப் பாட்டையும் பாடிக் காட்டினார்கள். இந்தப் பாட்டு வந்தபோது கீபோர்டில் இருந்த ஜெகன் தலையைக் குனிந்துகொண்டே வாசித்தான். நண்பன், ‘கூட்டாளி’ என்று சொல்லி நீ வாராவாரம் வீட்டுக்குக் கூட்டி வந்தவன் உனக்கு யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லைடா, பயம்தான் வந்தது. சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள், செத்துப்போன பிள்ளையைப் பற்றி நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

உன் ஆட்களிடம் வாய்க்கு வந்த சாக்கையெல்லாம் சொன்னேன். மண்டபக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். உண்மையில் மண்டபக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நிகழ்ச்சி முடிந்ததும் மண்டபத்தை யார் கூட்டிப் பெருக்குவது? பிறகு அம்மாவைக் காரணம் காட்டினேன். “அம்மா தாங்க மாட்டாங்க. இப்பதான் பிள்ளைய பறிகொடுத்திருக்காங்க,” என்றேன். அதற்குமேல் யாரும் என்னோடு வாதாடவில்லை, ஆனால் ஒத்திகையில் அந்தப் பாட்டைப் பாடாமலும் விடவில்லை.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? சிறப்பு விருந்தினருக்கு எப்போதும் போக வேண்டிய இன்னொரு நிகழ்ச்சி இருக்கும். கடைசிவரை இருக்க மாட்டார் என்று சொல்லி அவரை இடைவேளை முடிந்ததும் பேசவைத்தேன். பொன்னாடை போர்த்தினேன், மாலை போட்டேன். மனிதர் தமிழின் பெருமையை ஆதியிலிருந்து தொடங்கினார். நாடகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இறங்கியதும் திரைக்குப் பின்னால் ஓடி, “டைம் இல்ல, அந்தப் பாட்ட விட்டுட்டு அடுத்த சீனுக்குப் போங்க,” என்றேன். நேரம் போனது உண்மைதான். அது போகட்டும் என்றுதான் உரையை அங்கே வைத்தேன் என்பதும் உண்மை. ஜெகன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு பாட்டு போனதும் உன் காதலர்கள் இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது. சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அலமாக், கூட்டாளின்னா இப்படி இருக்கணும் லா! என் வீட்டுலயும் ஒன்னு இருக்கு, கூட்டாளியோட சேந்து கெட்டதுதான் மிச்சம்,” என்றார். பத்திரிகையில் விமர்சனம் வந்தது. நட்புக்கு இலக்கணமாம், குடும்பத்தோடு பார்க்கலாமாம், கதாநாயகி இல்லாதது மட்டும்தான் குறையாம். உன் கறுப்பைப் பற்றி ஒரு வரி, அதுவும் ஒப்பனை இயல்பாக இருந்தது என்று. உன் காதலைப் பற்றி அந்த ஒரு வரிகூட இல்லை.

முகநூலில் ஒரு கல்லூரிப் பெண் மட்டும் திட்டி எழுதியிருந்தாள். ‘மேடையில் முகத்தைக் கழுவியவன் ஏன் எதுவும் சொல்லாமல் நிற்கிறான்? எதையோ ஒளித்துவிட்டார்கள். எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது.’ வந்த பாராட்டையெல்லாம் சேர்த்து வைத்தாலும் உன் நாடகத்தைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘இன்னொரு முறை கவனமாகப் பாருங்கள் தங்கச்சி’ என்று பதில் போட்டேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு பார்!

அன்று நாடகம் முடிந்ததும் ஜெகன் கீபோர்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று போய், துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன். அவனே பேசினான். “எல்லாரும் கூட்டாளின்னு சொல்லிட்டுப் போறாங்கக்கா. பரவால்ல, அதுவும் உண்மைதானே. நான் கிளம்புறேன், காலையில சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகணும்.” திட்டியிருக்கலாம் அவன். திட்டியிருந்தால் நானும் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நேற்று அந்த விமர்சனத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “அந்தப் பாட்ட ஏன் பாடல?” என்றார்.

“எந்தப் பாட்டும்மா?”

“மூஞ்சி கழுவிட்டுப் பாடறது. அதுக்குத்தானே இடுப்பு வலியோட அவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன். இங்க உக்காந்துதான் அவன் அதுக்கு மெட்டு போட்டான். யாருக்குடா இந்தப் பாட்டுன்னு கேட்டேன். ஜெகனுக்கும்மான்னு சொன்னான்.”

பத்திரிகையைக் கீழே வைத்தேன். “நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்த சொல்றது? ரெண்டு நாள் பேசல. அப்புறம் அந்தப் பையனையும் சாப்பிட வரச் சொன்னேன்.” அம்மா நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “அக்காகிட்ட சொல்லிட்டியாடான்னு கேட்டேன். அக்கா தாங்காதும்மா, இப்ப சொல்லாதீங்கன்னுட்டான்.”

அம்மாவால் தாங்க முடியாது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ உயிரோடு இருக்கும்போதே என்னைச் சரியாக எடை போட்டு வைத்திருக்கிறாய். என்னிடம் சொல்ல எத்தனை முறை வாயெடுத்து நிறுத்தினாய்? நான் எப்போது என்ன பேசி உன்னை அப்படிப் பயமுறுத்தினேன்? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றா இரண்டா, நிறையவே பேசியிருக்கிறேன்.

ஜெகனிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். “பாட்டு இருந்தா வாசிக்கிறேன்க்கா,” என்றான். உன்னிடமும் கேட்கிறேன். அடுத்த மாதம் செனாயில் ஆடுகிறோம். அங்கே சிறப்பு விருந்தினர் கிடையாது, உரை கிடையாது. உன் பையன் முகத்தைக் கழுவிவிட்டு முழுப் பாட்டையும் பாடுவான். யார் எழுந்து போனாலும் போகட்டும், பத்திரிகை என்ன எழுதினாலும் எழுதட்டும். முன்வரிசையில் அம்மா பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். பாட்டு முடிந்ததும், இது என் தம்பி ஜெகனுக்காக எழுதியது என்று மேடை ஏறி என் வாயால் சொல்வேன். இது சத்தியம்.

தாங்காது என்று நீ சொன்ன,
உன் அக்கா வாசுகி