மதிப்பெண்ணின் ஆயுள்

மார்ச் 3

தம்பிக்கு மறுபடியும் ஐந்தரை. பல்கலைக்கழகம் கேட்பதோ ஆறரை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். அம்மா தட்டோடு வாசலில் நின்று கெஞ்சுகிறாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். சரி, நானும் இந்தக் கூட்டில்தானே பொரிந்தேன்?

இதே ஆங்கிலத் தேர்வில் நான் ஒன்பதுக்கு எட்டு வாங்கினேன். "தனியா பொண்ண அனுப்ப முடியாது. அவனும் பாஸ் பண்ணட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து போங்க" என்றார் அப்பா. வெளிநாட்டில் மேற்படிப்பென்றால் அவருடைய வங்கிக் காகிதமும் கையெழுத்தும் வேண்டும். அதனால் காத்திருக்கிறேன். இந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டே வருடம். என்னுடையது ஜூன் கடைசியில் செத்துப்போகும்.

மார்ச் 19

பகலெல்லாம் லேபில் ஊராருக்கு ரத்தம் எடுத்துவிட்டு வந்து, மாலையில் இவனுக்குப் பேச்சுப் பயிற்சி. கோச்சிங் சென்டரில் உருப்போட்டதையே ஒப்பிக்கிறான். பிடித்த உணவு எது என்று கேட்டால் சுற்றுச்சூழல் மாசு வருகிறது. சிரித்துவிட்டேன். "அவன மட்டம் தட்டாத. உனக்குப் பொறாமை" என்றாள் அம்மா.

பொறாமையா? அவனுடைய ஐந்தரைமேலா?

ஏப்ரல் 27

தம்பிக்கு இந்த முறை ஆறு. "நீ ஒழுங்கா சொல்லிக் குடுத்தியா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

மே 11

இன்று கேட்டேவிட்டேன். என்னை முதலில் அனுப்புங்கள், அவன் பின்னால் வரட்டும் என்று. அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ்ளோ அவசரம்னா நீயே போய்க்கோ. கையெழுத்து மட்டும் கேக்காத."

அவசரமாம்! ரெண்டு வருஷமா வாயே தொறக்கல நான். எனக்கு அழுகைகூட வரல, வயிறு எரியுது.

ஜூன் 30

இன்றோடு முடிந்தது. வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

ஜூலை 12

தம்பி பாஸ். பேச்சில் ஏழாம்! சாப்பிடும்போது வெற்றிக்கதை சொன்னான். 'உன்னைப் பாதித்த ஒருவரைப் பற்றிப் பேசு' என்று கேள்வி.

"யாராவது செத்துட்டதா சொல்லு, பேச்சு தானா வரும்னு மாஸ்டர் சொல்லியிருந்தாருப்பா. அக்கா செத்துட்டான்னு சொல்லிட்டேன். நல்லா படிப்பா, வெளிநாடு போகணும்னு ஆசைப்பட்டா, அதுக்குள்ள போய்ட்டான்னு. எனக்கே அழுகை வந்துடுச்சு. அந்த மேடம் டிஷ்யூ குடுத்தாங்க."

அப்பா சிரித்துப் புரையேறினார். அம்மா, "வாயக் கழுவு" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்.

"நான் எப்படிடா செத்தேன்?"

"அதெல்லாம் அவங்க கேக்கலக்கா."

அப்படியானால் நான் எப்போது போவது என்று அப்பாவைக் கேட்டேன். "அதான் அவன் போறான்ல. இனிமே உனக்கு எதுக்கு?" என்றார். இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 28

தம்பி கிளம்பிவிட்டான். எனக்கென்று நான் வாங்கி வைத்திருந்த பெட்டியில்.

அக்டோபர் 9

லேபுக்கு லீவு போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போனேன். வீட்டில் மூச்சுவிடவில்லை.

தேர்வாளர் நரைத்த தலைக்காரர். குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றார். யாருமில்லை என்றேன். பெற்றோர்? இல்லை. உடன்பிறந்தவர்கள்? ஒரு தம்பி இருந்தான் என்றேன். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பரவாயில்லை, பழகிவிட்டது என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பொய் சொல்வது போலவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் இவ்ளோ லேட்டு? அப்பாவுக்கு டீ போடு" என்றாள் அம்மா. போட்டேன்.

அக்டோபர் 22

எட்டரை.

முழு உதவித்தொகை தரும் இடங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்கிறேன். அப்பாவின் கையெழுத்து எங்கும் தேவைப்படவில்லை. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். லேபை நடத்தும் மேடத்தின் பெயரைக் கொடுத்தேன்.