எலுமிச்சை மணத்த மாட்டுக்கொட்டில்

செப்டம்பர் 2

காலையில் பல் வைத்தியரிடம் போய்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வாய் மரத்திருந்த நேரம் பார்த்துத் தம்பி போனில் அழைத்தான். பதில் பேச முடியாதவனிடம் பேசுவது அவனுக்கு எப்போதும் சௌகரியம். அப்பாவின் மாட்டுக்கொட்டிலை விற்றுவிட்டானாம். நிலத்தை அல்ல, கொட்டிலை மட்டும். தூணோடும் கூரையோடும் பெயர்த்து, சக்கரத்தின் மேல் ஏற்றி, சாலை வழியாகவே நகரத்துக்குக் கொண்டுபோய் ஓட்டலின் சாப்பாட்டுக்கூடமாக நிறுத்தப்போகிறார்கள்.

அதற்குள் அக்காவின் மாடுகள் நிற்கின்றனவே என்று கேட்க வாயைத் திறந்தேன். எச்சில்தான் ஒழுகியது.

செப்டம்பர் 5

போய்ப் பார்த்தேன். ஓட்டல்காரர் வெள்ளை ஷூவோடு கொட்டிலுக்குள் உலாவிக்கொண்டிருந்தார். மரத்தூண்களைத் தட்டிப் பார்க்கிறார், பலகைச் சுவரைத் தடவுகிறார், கூரை முகட்டின் மேல் காற்றுப் போக அப்பா வைத்த மரக்கூண்டைப் படம் எடுக்கிறார். கண்ணை மூடி மூச்சை இழுத்து, "இந்த வாசனை இருக்கே சார், இதெல்லாம் காசு குடுத்தாலும் கிடைக்காது" என்றார். வெளியே வந்ததும் தம்பியிடம் மெல்ல, "இந்த நாத்தம் போக என்ன தெளிக்கலாம்?"

இந்த நாற்றம் சட்டையில் ஒட்டியிருந்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் மட்டும் ஒரு முழு பெஞ்சுக்குச் சொந்தக்காரன். இனி அதே கொட்டிலில் உட்காரப் பணம் கொடுத்து வரிசையில் நிற்கப் போகிறார்கள்.

அக்கா பால் கறந்துகொண்டே பேசினாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தான் போன பிறகு இந்த ஏழு மாடும்தான் அவளுக்குச் சோறு. பாகப்பிரிவினையில் வீடும் மாடும் அவளுக்கு, கொட்டில் தம்பிக்கு.

"மாடு எனக்குன்னு எழுதினாங்க. மாட்டுக்கு மேல இருக்கிற கூரை அவனுக்காம். எந்த மகராசன்டா எழுதினது?"

எழுதியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அவளுக்கும் தெரியும்.

தம்பி கையை விரித்தான். "கட்டடம் அங்க போய் இறங்கின அன்னைக்குத்தான் ஓட்டல்காரர் பணம் தருவார்க்கா. மறுநாளே இங்க உனக்குப் புதுக்கொட்டில். சத்தியம்."

அவன் சத்தியத்துக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் இல்லை. தண்ணீர் பட்டால் போதும்.

செப்டம்பர் 6

பல் போன குழியில் சீழ். அதுவே இந்த வாரத்தின் நல்ல பகுதி.

செப்டம்பர் 11

கட்டடம் தூக்கும் மேஸ்திரி அளவெடுக்க வந்தார். முகட்டுக் கூண்டைக் கழற்றிவிட்டால் நல்லது என்றார். ஓட்டல்காரர் ஒப்பவில்லை. கூண்டோடு சாலையில் நகர்ந்து வருவதைத்தான் வீடியோ எடுக்கப்போகிறாராம். "அது இல்லன்னா வெறும் கொட்டகை சார்."

வழியில் அடியில் நுழைந்து போக வேண்டிய ரயில் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். பழைய தாரைச் சுரண்டாமலே அதன் மேல் தார் போட்டுப் போட்டுச் சாலையே உயர்ந்துவிட்டது, பாலத்துப் பலகையில் இருப்பது பழைய உயரம், எங்கள் பத்திரிகையில் நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன் என்றேன்.

"அரசாங்கம் வச்ச பலகை சார். அதைத்தானே நான் நம்பணும்?" என்றார் மேஸ்திரி.

"அண்ணன் எழுதினதை அச்சுக்கோத்தவன்கூடப் படிச்சிருக்க மாட்டான்" என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதுதான் உறுத்துகிறது.

செப்டம்பர் 15

தூக்கிவிட்டார்கள். சுற்றிலும் ஜாக்கி வைத்து, அடியில் இரும்பு உத்திரம் செருகி, விரல்கடை விரல்கடையாக. கொட்டில் முனகிக்கொண்டே எழுந்தது. அடியிலிருந்து எலிக்குஞ்சுகள் ரோஜா நிறத்தில், மயிர் முளைக்காமல், நெளிந்துகொண்டு வந்தன. அவற்றின் மேல் ஓட்டல்காரரின் ஆட்கள் எலுமிச்சை வாசனைத் திரவத்தைப் பீய்ச்சினார்கள். பிறகு தூணுக்கு, சுவருக்கு, தரைப்பலகைக்கு. மறுபடியும் தூணுக்கு. ஊரே கழிப்பறை கழுவியதுபோல் மணக்கிறது.

மாடுகள் முற்றத்தில், தார்ப்பாய்க்குக் கீழே. தார்ப்பாயின் ஒரு பக்கம் கிழிசல்.

செப்டம்பர் 18

மழை. முற்றம் சேறும் சாணமும் குழைந்து கணுக்கால் வரை ஏறுகிறது. ஒரு மாட்டுக்குக் குளம்பிடுக்கில் புண், நெருங்கினாலே அழுகல் வாடை. கொம்பு ஒடிந்த பசுவுக்கு மடி வீங்கிவிட்டது. பாலில் திரித்திரியாகக் கட்டி. மொத்தப் பாலும் ஒரே கேனில்தான். பால் வண்டிக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார், கேனை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

அக்கா சாக்கடையில் ஊற்றினாள். முழுக் கேனையும், நிதானமாக.

"இன்னும் ஒரு வாரம் இப்படி நின்னா எல்லாத்தையும் தள்ளிவிட வேண்டியதுதான்டா. அடிமாட்டுத் தரகர் நேத்தே வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு. எட்டிப் பாத்தா பரவாயில்ல. தொடையை அமுக்கிப் பாத்தாரு."

ஓட்டல் ஆட்கள் கொட்டிலுக்கு மட்டும் புது பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்தியிருக்கிறார்கள், நனையக் கூடாதாம். காலியான கட்டடம் காய்ந்து நிற்கிறது. உயிருள்ளவை நனைந்து நிற்கின்றன. சீ.

செப்டம்பர் 19

பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "உங்க வீட்டுக் கொட்டில்னு கேள்விப்பட்டேன். உருக்கமா ஒரு பக்கம் குடுங்க. தலைப்பு யோசிச்சுட்டேன், 'நகரத்துக்கு நடந்து வரும் பழமை'."

இன்னும் நகரவே இல்லை. தலைப்பு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 22

விடிந்ததும் புறப்பட்டது. நான் பின்னால் நடந்தேன். முன்னால் மின்வாரியத்தார் நீளக் கழியால் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க, கொட்டில் டிரெய்லரில் குனியாமல் போனது. ஓட்டல்காரர் திறந்த காரில் நின்றுகொண்டு வீடியோ எடுப்பவனை விரட்டினார். தம்பி கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையசைத்தான்.

ரயில் பாலம். மேஸ்திரி பலகையைப் படித்தார், தலையாட்டினார், கையால் வரச் சொன்னார். கூண்டு முதலில் இடித்தது. ஓட்டுநர் நிறுத்துவதற்குள் முகடு பிளந்துவிட்டது. கிழங்கு ஒடிவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு பின்னாலிருந்து ஹாரன்கள்.

எனக்கு உள்ளே குளிர்ந்தது. சொன்னேனே, சொன்னேனே என்று குதித்தது ஏதோ. அப்போது அக்கா போன் செய்தாள்.

"இறங்கிடுச்சாடா?"

இறங்கினால்தான் அவளுக்குக் கூரை. அதை மறந்துவிட்டுத்தான் நான் குளிர்ந்திருக்கிறேன். இவர்கள் எல்லோரையும்விட நான் என்ன ஒசத்தி?

"பாலத்துல மாட்டிக்கிச்சுக்கா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 23

போலீஸ் அதட்டியதில், பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மரமில்லின் காலி இடத்தில் கொட்டிலைத் தள்ளி இறக்கிவிட்டார்கள். மேஸ்திரி இரும்பையும் ஜாக்கியையும் உருவிக்கொண்டு போய்விட்டார். ஓட்டல்காரர் வந்து பிளந்த முகட்டைப் பார்த்தார். "இனி வேண்டாம். பழைய மரம் மாதிரியே சிமென்டில வார்த்துத் தர ஆள் இருக்கு. நாத்தமும் இருக்காது."

வார்க்கட்டும். அதில் உட்கார்ந்து தின்னட்டும்.

தம்பி அக்கா வாசலில் நின்று, "நான் என்னக்கா பண்றது, என் நேரம்" என்றான். புதுக்கொட்டில் பேச்சே இல்லை. அக்கா கேட்டது ஒன்றுதான்: "இப்ப அது யாருக்கும் வேண்டாம், அப்படித்தானே? உனக்கும்?"

"எனக்கு எதுக்கு அந்தச் சனியன்?"

"அதைக் கொஞ்சம் சத்தமா சொல்லு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கட்டும்."

ஆசிரியர்: "பாலத்துல மோதினதை மட்டும் விட்டுட்டு எழுதுங்களேன்." எழுதவில்லை.

செப்டம்பர் 24

அக்கா தார்ப்பாயை அவிழ்த்தாள். ஏழு மாட்டையும் சாலையோடு ஓட்டினாள். நொண்டியதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நான் பின்னால். மில்லுக்காரம்மா கேட்டிலேயே நின்றார். "வாடகைக்குப் பதிலா பால் குடுத்துடு. வாடை வருமேன்னு யோசிக்காதே, மரத்தூள் அடைச்சு இருவது வருஷமா எனக்கு மூக்கே கிடையாது. தூளையும் அள்ளிக்கோ, மாட்டுக்கு அடியில போட."

ஆனால் மாடுகள் உள்ளே போகவில்லை. கொம்பு ஒடிந்தவள் வாசலில் மூக்கை நீட்டினாள், தும்மினாள், பின்வாங்கினாள். மற்றவையும் அப்படியே. பிறந்த கொட்டில், தெரியவில்லை அவற்றுக்கு. எல்லாம் எலுமிச்சை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"பழைய இடத்துல நனைஞ்ச வைக்கோல் கிடக்கும். மூத்திரமும் சாணமுமா இருக்கும். அதை அள்ளிக்கிட்டு வா" என்றாள் அக்கா.

"எதுலக்கா?"

"உன் கார்லதான். பின்ன, உன் பேப்பர்லயா?"

அள்ளினேன். புழு நெளிந்தது, விரலிடுக்கில் வழிந்தது, இரண்டு முறை ஓங்கரித்தேன். பின்சீட்டு நிறைய ஏற்றிக்கொண்டு கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டி வந்தேன். அக்கா அதைத் தரையில் பரப்பினாள். பிடிப்பிடியாக எடுத்துத் தூண்களில் தேய்த்தாள். நானும் தேய்த்தேன். மழை தொடங்கியபோது கொம்பு ஒடிந்தவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். முகர்ந்தாள். மற்றக் காலையும் வைத்தாள்.

செப்டம்பர் 25

பிளந்த முகட்டை மில்லுக்காரம்மாவின் ஆள் பழைய தகரத்தால் மூடினான். பார்க்கச் சகிக்கவில்லை. ஒழுகவும் இல்லை.

அக்டோபர் 3

குளம்புப் புண் ஆறிவருகிறது. மடி வீக்கம் வற்றிவிட்டது. பால் வண்டிக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார், கேனை ஏற்றிக்கொண்டார். தம்பி வந்து, கொட்டில் என்ன இருந்தாலும் தன் பாகம் என்று இழுத்தான். சாட்சிக்குப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடட்டுமா என்றாள் அக்கா. போய்விட்டான்.

பாலத்துப் பலகையில் இன்னும் பழைய உயரமே.

அக்டோபர் 9

கார் சீட்டின் வாடை போகவில்லை. மெக்கானிக் ஷெட்டில் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் அக்காவுக்குக் கேன் தூக்கிக் கொடுத்துவிட்டு நேராக பஸ்ஸில் அலுவலகம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார், கொஞ்ச நேரத்தில் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். முழங்கையைத் தூக்கிச் சட்டையை முகர்ந்து பார்த்தேன். சுத்தமான சாணம். எலுமிச்சை துளியும் இல்லை.

பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சீட் முழுவதும் பரவி உட்கார்ந்துகொண்டேன்.