பச்சை மேசையில் நான் சொல்லாதது

ஸ்வென்போர்க்,
28 ஜூன் 1924

அன்பு மகள் ஆஸ்டாவுக்கு அப்பா எழுதுவது. அர்ஜென்டினாவின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு இருமல் நின்றது, புது உருளைக்கிழங்கு சந்தைக்கு வந்தாயிற்று, எனக்குத்தான் இரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை, உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை பள்ளியில் வேதியியல் வாய்மொழித் தேர்வு. பச்சைத் துணி விரித்த மேசையில் நானும் தலைநகரிலிருந்து வந்த வெளித் தேர்வாளரும். பால்பண்ணைக்காரர் மகள் குட்ரூன் எடுத்த கேள்விச் சீட்டில் அமிலமும் காரமும் வந்தது. காரத்தில் இருக்க வேண்டிய ஹைட்ராக்சில் அம்மோனியாவில் இல்லையே, அது எப்படிக் காரம் என்று தேர்வாளர் மடக்கினார். அவள் அசரவில்லை. "அது தண்ணிகிட்டேருந்து ஒரு புரோட்டானை வாங்கிக்குது சார். குடுக்கிறது அமிலம், வாங்கிக்கிறது காரம். அம்மோனியாகிட்ட தண்ணிதான் அமிலம்" என்றாள். போன வருடம் கோபன்ஹேகனில் வெளியான கருத்து அது, பாடப்புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை, ஆசை தாங்காமல் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப வினிகருக்குப் பதிலா தண்ணிய ஊத்தி ஹெர்ரிங் மீனை ஊறப்போடுவியாம்மா? யாரு சொல்லிக்குடுத்தா இதை?" என்று கேட்டார். குட்ரூன் என்னை ஒருமுறை பார்த்தாள். "நானே எங்கேயோ படிச்சேன் சார்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை ஆஸ்டா. அவர் போட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். அவள் தேறவில்லை. வாசலில் அவள் அப்பா, தேறியவர்கள் தலையில் வைக்கும் வெள்ளைத் தொப்பியும் பூங்கொத்துமாக நின்றிருந்தார், தொப்பியை மகள் தலையில் வைக்கத் தூக்கிய கையை அப்படியே இறக்கினார். வெட்கமாக இருக்கிறது. "ஓய்வுக்கு ரெண்டு வருஷந்தான் இருக்கு, சும்மா இருக்க மாட்டீங்களா" என்கிறாள் உன் அம்மா. மதிப்பெண் பட்டியல் திங்களன்றுதான் அமைச்சகத்துக்குப் போகும், அதுவரை திருத்தலாம். தேர்வாளர் இன்னும் துறைமுக விடுதியில்தான் இருக்கிறார், இன்று மத்தியானப் படகில் கிளம்புகிறார். சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டால் என் வேலைக்கும் ஆபத்துதான்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. இந்தக் கடிதத்தை அந்த மனிதரிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் தபாலில் போடுவேன். உன் கையில் இது இருந்தால், உன் அப்பா பேசிவிட்டான் என்று தெரிந்துகொள்.

உன் அப்பா
மோகென்ஸ்